வீரரின் கதையை வீட்டு மொழியில் கொடுங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தின் விருதுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீரதீரச் செயலுக்காக நீங்கள் தரும் பதக்கத்தோடு ஒரு தாளும் உண்டு. ராணுவத்தில் அதை சைட்டேஷன் என்பார்கள். அந்த மனிதர் எந்த இடத்தில், எந்த நிலையில், என்ன செய்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறீர்கள். அதைக் குடும்பத்தின் தாய்மொழியிலும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வீர் சக்ராவைக் கையில் வாங்கிப் பார்த்தால் வெள்ளியில் ஐந்து முனை நட்சத்திரம், நடுவே சக்கரம். பாதி கருநீலமும் பாதி காவியுமான நாடா. திருப்பினால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர், இடையே இரண்டு தாமரைப் பூக்கள். அழகான பதக்கம்தான். ஆனால் அவர் என்ன செய்தார் என்று அது சொல்லாது. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில், சீனப் படையுடன் நடந்த மோதலில் உயிர் கொடுத்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது என்பது ஊருக்கே தெரியும். அது எதற்காக என்பதை அரசின் வார்த்தையில், தமிழில், அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பார்கள்?

1944-இல் இத்தாலியின் மிக்னானோவில், கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார் மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். பிரிட்டிஷ் அரசின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? யாரும் மறைக்கவில்லை, நம் மொழியில் அதிகம் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இது புதிய வழக்கமும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்று பழைய தமிழி எழுத்தில் வெட்டியிருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டையில் விழுந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே, செத்தவன் யார், எந்தச் சண்டை என்று ஊர்க்காரர்களின் மொழியிலேயே எழுதி வைத்தார்கள்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்று முழங்கிக்கொண்டு பாயும் மெட்ராஸ் ரெஜிமென்ட் உங்களுடையது. அதன் மையம் இருக்கும் நீலகிரி வெலிங்டனில், களத்தையும் தமிழையும் ஒருசேர அறிந்தவர்கள் கிடைப்பார்கள். குடியரசு தினம், சுதந்திர தினம் என்று ஆண்டுக்கு இரண்டு முறைதான் பட்டியல் வருகிறது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். பஞ்சாபிக்கும் மலையாளத்துக்கும் மேகாலயாவின் காசி மொழிக்கும் இதையே செய்யலாம்.

அடுத்த பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் 1947 முதல் உள்ள பழையவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். மொழிபெயர்த்ததை வீட்டுக்கு ஒரு பிரதி, அவர் படித்த பள்ளிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் இணையதளத்திலும் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்