உயிலை நிறைவேற்றித் தந்தவர்களுக்கு எங்கள் நன்றி

மதிப்பிற்குரிய அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும், அம்மையாரின் குடும்பத்தாருக்கும், உடனிருந்து உழைத்த நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அம்மையார் தம் வீட்டையும் சேமிப்பையும் ஊர்ப் பொது அறக்கட்டளைக்கு எழுதிவைத்து மறைந்ததும், அதன் வருவாயிலிருந்து திருவையாற்றுச் சுற்றுவட்டாரத்தில் இயங்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்கு அவர் நினைவாக நிதிநல்கை வழங்கப்படுவதும் ஊரார் அறிந்ததே. முதல் ஆண்டு நல்கையைப் பெற்ற அமைப்புகளின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். அம்மையாரின் பெருந்தன்மையைப் பற்றி நினைவுக் கூட்டத்தில் பலரும் நிறைவாகப் பேசினார்கள். அவர் எழுதிவைத்தது தாளோடு நின்றுவிடாமல் எங்கள் கைக்கு வந்து சேரப் பாடுபட்டவர்களைப் பற்றித்தான் அன்று பேச நேரமில்லாமல் போயிற்று.

உயில் எழுதிவிட்டால் மட்டும் அறம் நடந்துவிடாது என்பதற்கு எங்கள் ஊரோடு தொடர்புடைய சான்றே உண்டு. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானது திருவையாற்றில்தான். அவர் அறத்துக்கென விட்டுச்சென்ற செல்வம் நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்து, சென்னையில் அன்றிருந்த உச்ச நீதிமன்றத்தின் வழியாகவே மீட்கப்பட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால் அந்த நிதியிலிருந்து சென்னையில் பள்ளி தொடங்கப்பட்டபோது 1842ஆம் ஆண்டு பிறந்திருந்தது.

ஆகவே எங்கள் முதல் நன்றி அம்மையாரின் அண்ணன் பிள்ளைகளுக்கு உரியது. அத்தை வீட்டில் தங்களுக்கும் பங்கு உண்டென்று அவர்கள் ஒரு வழக்குப் போட்டிருந்தால், தீர்ப்பு எப்படி வந்திருந்தாலும், எங்களில் பாதிப் பேர் அதற்குள் கடையைக் கட்டியிருப்போம். அவர்கள் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுத்ததோடு, வீட்டுப் பத்திரங்களையும் வரி ரசீதுகளையும் தேடியெடுத்து, அடுக்கி, தாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

உயிலை எழுதித் தந்த வழக்கறிஞர் ஐயா, இந்தத் தொகை நிலைநிதியாக இருக்க வேண்டும் என்றும் அதன் வருவாயை மட்டுமே செலவிட வேண்டும் என்றும் தெளிவாக ஒரு வரி சேர்த்திருந்தார். நிலைநிதி என்று கொடுப்பவர் எழுத்தில் குறிப்பிடாத நன்கொடை, வருமான வரிக் கணக்கில் அறக்கட்டளையின் அந்த ஆண்டு வருமானமாகிவிடும். வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டுக் காட்ட வேண்டும் என்பது பொது விதி. உயிலில் அந்த ஒரு வாசகம் இல்லாதிருந்தால் அம்மையாரின் தொகையும் இந்த விதிக்குள் வந்திருக்கும். அதன் அருமையை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் தணிக்கையாளர். கட்டணம் வாங்க மறுத்துவிட்ட அவருக்கு இங்கே நன்றி சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

நல்கைக் குழுவினருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் இன்னும் பெரிது. பொருளாகக் கொடுக்கப் பலர் முன்வருவார்கள். பெயர் பொறித்த பீரோவும் மின்விசிறியும் எந்த அமைப்பிலும் இருக்கும். வண்டிக்குப் பெட்ரோல் போடவும், வாடகை கட்டவும், செவிலியருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும் பணம் கேட்டால்தான் முகம் மாறும். அம்மையார் தம் உயிலில் அன்றாடச் செலவுக்கும் சம்பளத்துக்கும் கொடுக்கலாம் என்று குறித்திருந்ததைக் குழுவினர் எழுத்துக்கு எழுத்து மதித்தார்கள். அதனால்தான், படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் எங்கள் அமைப்பில் ஒரு செவிலியரை முழுநேரமாக நியமிக்க முடிந்தது. படுக்கைப் புண் வராமல் தடுக்க உதவும் காற்று மெத்தைகள் எங்களிடம் முன்பே இருந்தன. ஆனால் மெத்தையைக் கொண்டுபோய் விரித்து, காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, நோயாளியை எத்தனை மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று மருமகளுக்கோ மகனுக்கோ செய்து காட்ட ஆள் இல்லாமல் அவற்றில் சில மூலையில் கிடந்தன. இப்போது அவை வீடுகளில் இருக்கின்றன. செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பும், பார்வையற்றோருக்கான வாசிப்பு உதவிக் குழுவும் இதே போல ஊதியம் கொடுத்து ஆள் வைத்துக்கொண்டிருக்கின்றன.

விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர்கள் அலுவலகத்தில் இருந்தபடியே முடிவெடுக்கவில்லை. மாலை வகுப்புக்கு முன்னறிவிப்பின்றி வந்து, பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் குழு உறுப்பினர் என்பது ஆசிரியைக்குப் பிறகுதான் தெரிந்தது. சிலருக்கு அது சங்கடமாக இருந்தது உண்மை. எனக்கு அது சரியான முறையாகவே தோன்றியது. நல்கை கிடைக்காத அமைப்புகளுக்கும் காரணத்தை விளக்கிக் கடிதம் அனுப்பியதற்காகத் தனியே ஒரு நன்றி.

வங்கி ஊழியர்களுக்கும், தட்டச்சு செய்து தந்த இளைஞர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளிக்கும் நன்றி.

மார்ச் 31 வரையிலான செலவுக் கணக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். அவற்றின் நகல் எங்கள் ஒவ்வோர் அமைப்பிலும் வைக்கப்பட்டுள்ளது. வேலை நாட்களில் ஊரார் எவரும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

இப்படிக்கு,
நல்கை பெற்ற அமைப்புகளின் சார்பில்,
செயலாளர்