சோளன் பாம்புக்கு ஒரு பெட்டி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உன் சோளன் பாம்பின் படத்தை அம்மாவும் பார்த்தாள். முதலில் பயந்தாள், நஞ்சில்லாத பாம்பு என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் ஆறினாள். அமெரிக்காவில் சோளன் போட்டு வைக்கும் களஞ்சியங்களில் எலி பிடிக்கத் திரிவதால்தான் கோர்ன் சினேக், அதாவது சோளன் பாம்பு என்று பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். காடு வெட்டிப் பயிரிடும் சேனையில் சோளன் போட்ட வீட்டில் பிறந்தவள் அவள். அதைக் கேட்டதும் அவளுக்குப் பாம்பின் மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

கண்ணாடித் தொட்டி வாங்கவா, மரத்தில் செய்யவா என்று கேட்டிருந்தாய். மரத்தில் செய், மகள். கண்ணாடி சூட்டைப் பிடித்து வைக்காது. மேலே வலை போட்ட தொட்டி என்றால் லண்டன் குளிரில் சூடெல்லாம் மேலாலே போய்விடும். மூன்று பக்கமும் மேலும் கீழும் பலகை, முன்பக்கம் மட்டும் தள்ளித் திறக்கும் இரண்டு கண்ணாடி, அது போதும். இப்போது குட்டிதான், ஆனால் நாலைந்து அடி வளரும், பதினைந்து இருபது வருடம் இருக்கும். ஆகவே நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் குறையாமல் செய். இடம் இருந்தால் நீளத்தை இன்னும் கூட்டு. அது உடம்பை முழுதாக நீட்டிக் கிடக்க வேண்டும்.

நான் அதிகம் யோசிப்பது இடைவெளியைப் பற்றித்தான். கொக்கட்டிச்சோலையில் மாமிக்கு ஒரு கோழிக்கூடு அடித்துக் கொடுத்தேன், உனக்கு நினைவிருக்காது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் புகும் அளவு விட்டிருந்தேன். காற்று வரட்டும் என்றுதான் விட்டேன். ஒருநாள் விடிய மாமி போய்ப் பார்த்தால், உள்ளே நாகம். முட்டைகளை விழுங்கி வயிறு புடைத்ததால் வந்த வழியால் திரும்ப முடியாமல் சுருண்டு கிடந்தது. நாகதெய்வமான நாகதம்பிரானுக்கு நேர்ந்தவள் அடிக்க விடுவாளா? கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். அது மெதுவாக வயல் பக்கம் போனது. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். உன் பாம்பு குட்டி, அதன் தலை உன் சின்ன விரலிலும் சிறிது. கண்ணாடி இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தையும், வயர் போகும் துளையையும் கட்டாயம் பார். பூட்டும் போடு. காற்றுக்குத் துளை வேண்டும்தான், சூடான பக்கம் மேலேயும் குளிர்ந்த பக்கம் கீழேயும் வைத்து, நுண்ணிய வலையை உள்ளிருந்து அடி.

சூடு ஒரு பக்கம் மட்டும். அங்கே 30 முதல் 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 22 முதல் 25. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டுப் பல்பைப் போடாதே, பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடும் வேண்டும், இல்லையென்றால் அது போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துவிடும். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொந்து வை, உடம்பு தொட்டுக்கொண்டு கிடக்கும் அளவில். ஒன்றுதான் வைத்தால், சூடு வேண்டுமா ஒளிவு வேண்டுமா என்று அந்தச் சீவன் தவிக்கும். தண்ணீர்ச் சட்டி குளிர்ந்த பக்கம் இருக்கட்டும்.

பலகைக்கு நல்ல பிளைவுட் எடு. மூட்டுகளில் மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கன் பூசு. வார்னிஷ் தண்ணீரில் கலக்கும் வகையாக வாங்கி மூன்று தடவை அடித்து, மணம் துளியும் இல்லாமல் போகும்வரை காய விடு. அவசரப்படாதே. கீழே பரப்ப ஆஸ்பன் மரச்சீவல் நல்லது. சீடார் சீவல் மட்டும் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கெடுதி. எல்லாம் முடிந்த பிறகு, பாம்பை விடாமல் இரண்டு நாள் சூட்டை ஓட்டிப் பார்த்து இரண்டு பக்கமும் அளந்து எழுதி வை.

அறையின் அளவையும் மேசையின் உயரத்தையும் அனுப்பு. நான் படம் வரைந்து அனுப்புகிறேன். அது வரும்வரை பலகையை அறுக்காதே.

அன்புடன்,
அப்பா
ஆரையம்பதி