தீ அணைந்த பிறகு குழாயில் வருவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை பிறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத்தீ. எத்தனை ஏக்கர் கருகியது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூரும் சிறுவாணியும் நிரம்புவது அந்த மலைகளில் பெய்யும் மழையால்தான். தண்ணீர் கெட்டதென்றால் நமக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு: குளோரினைக் கூட்டு, காய்ச்சிக் குடி. கிருமிக்கு இரண்டும் சரி. தீக்குப் பிந்தைய தண்ணீரில் இரண்டுமே வினையாக முடியலாம்.

சருகு எரியும்போது எழும் மெழுகு போன்ற ஆவி மண்ணுக்குள் இறங்கி, ஓரிரு அங்குல ஆழத்தில் குளிர்ந்து படிந்துவிடும். அதன்பின் முதல் மழை மண்ணில் இறங்காது. தகரக் கூரையில் விழுந்ததுபோல் வழிந்து, சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு அணைக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2003 ஜனவரித் தீக்கு முன்புவரை காட்டர் பள்ளத்தாக்கு நீரை வடிகட்டாமலே குடிக்கக் கொடுத்தார்கள். தீக்குப் பிறகு அது முடியவில்லை. மறு ஆண்டே ஸ்ட்ரோம்லோ மலையில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது.

கலங்கல் கண்ணுக்குத் தெரியும், படிகாரம் போட்டால் அடங்கும். சருகு, சாம்பலிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள்தான் தொல்லை. அது குளோரினோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற உடலுக்குக் கெடுதலான சேர்மங்கள் உண்டாகும். நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் குளோரோஃபார்முக்கு வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். எனவே கலங்கல் நீரிலேயே குளோரினை அள்ளிப் போடாமல், முதலில் படிகாரத்தால் கரிமத்தை இறக்கி, வடிகட்டிய பின் குளோரின் சேர்க்க வேண்டும். குழாய்க் கோடியில் எஞ்சும் குளோரின் மட்டும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

எவ்வளவு படிகாரம் போடுவது என்பதை, ஜாடிகளில் கலக்கிப் பார்க்கும் ஜார் டெஸ்ட்தான் சொல்லும். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக்கொண்டால், அதில் 1 மி.லி., ஒரு லிட்டர் ஆற்றுநீருக்கு 10 மில்லிகிராம் கணக்கு. ஆற்றுநீர் நிரப்பிய 6 ஜாடிகளில் அந்தக் கரைசலை வெவ்வேறு அளவு விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ள நாளில் காலையில் கிடைத்த அளவு மதியத்துக்கு உதவாது. இன்னொரு சிக்கலும் உண்டு: சாம்பல் நீரின் பி.எச்.சை, அதாவது அமில-கார அளவை, ஏற்றும், படிகாரம் இறக்கும். நம் மலையாறுகள் மென்னீர், பி.எச். விழாமல் தாங்கும் காரத்தன்மை அதில் குறைவு. 10 மில்லிகிராம் படிகாரம் சுமார் 5 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். அளவு கூடினால் பி.எச். சட்டென விழுந்து, திரள் கட்டாமல் அலுமினியம் கரைந்தே வெளியேறும். காரத்தன்மையை ஈடுகட்டச் சுண்ணாம்பு கையருகே இருக்கட்டும்.

இனி காய்ச்சுவது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் 2018 நவம்பரில் எரிந்தபோது, வீட்டு இணைப்புகள் உருகி நீர் கொட்டி, குழாய்களில் அழுத்தம் போயிற்று. வெற்றிடமான குழாய் புகையை உள்ளே உறிஞ்சியது. சூடேறிய பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு, புற்றுநோய் தரும் பென்சீன் என்ற வேதிப்பொருளை விட்டது. குடிநீரில் பென்சீனுக்கு அந்த மாநில வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அங்கே அதிகபட்சம் பதிவானது 2,217. முந்தைய ஆண்டு தீப்பிடித்த அதே மாநிலத்துச் சாண்டா ரோசா நகரில் 40,000. குழாய்ச் சுவரில் ஊறிய பென்சீன் மாதக்கணக்கில் கசியும். வரம்பைத் தாண்டினாலும் மூக்குக்குத் தெரியாது. காய்ச்சினால் ஆவியாகி அடுக்களைக் காற்றில் கலக்கும். குடிக்காமல் சுவாசிப்போம், அவ்வளவுதான்.

சோதனைக்கு மாதிரி எடுப்பதிலும் தவறு நடக்கிறது. குழாயை நன்றாக ஓடவிட்டுப் பிடித்தால் தேங்கியிருந்த பென்சீன் போய்விடும், அறிக்கை சுத்தமாக வரும். 72 மணி நேரம் திறக்காமல் வைத்து, முதல் நீரையே 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். மூடியபின் கவிழ்த்துத் தட்டுங்கள். பட்டாணியளவு குமிழி தெரிந்தாலும் அந்த மாதிரி வீண், பென்சீன் குமிழிக்குள் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டில் கூடவே கூடாது.

இது வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் மலைக் கிராமங்களில் ஊற்றிலிருந்து தொட்டிவரை தண்ணீர் வருவது தரையோடு கிடக்கும் கருப்பு ஓஸில்தான். தீ அதன்மேல் ஏறினால், உருகிய துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவதே வழக்கம். வெப்பம் பட்ட நீளம் முழுவதையும் மாற்ற வேண்டும். புதியதை ஒன்றரை அடி ஆழத்திலாவது புதைக்க வேண்டும். தொட்டி வாயில், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருந்தால், ஓஸ் அறுந்தாலும் தொட்டி நீர் பின்னோக்கி வடியாது. தீ நெருங்குவது தெரிந்ததும் முதலில் தொட்டி வால்வை மூடுங்கள்.

இப்படிக்கு,
குடிநீர்ச் சுத்திகரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.