'குழந்தைகள் ஓட்டும் பாதை' பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் ஊருக்கு ஏப்ரல் மாதம் போன சைக்கிள் பயணம் முடிந்ததிலிருந்து வாட்ஸாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் சிலர் அதை எங்களுக்கே அனுப்பி, உண்மையா என்று கேட்டீர்கள். "யூட்டா பாலைவனம் வரைக்கும் கூட்டிப்போய் ஸ்லிக்ராக்கைக் கண்ணில்கூடக் காட்டவில்லை, குழந்தைகள் ஓட்டும் பாதையில் சுற்றவிட்டார்கள்" என்பதுதான் அந்தப் புகார். தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் இந்த மடல்.

ஸ்லிக்ராக் என்ற அந்தப் புகழ்பெற்ற மலைச் சைக்கிள் தடத்துக்குப் போகவில்லை என்பது உண்மை. முதல் முறை மலைச் சைக்கிள் ஏறுகிறவர்களை இனியும் அங்கே அழைத்துப் போக மாட்டோம். அதன் பெயர் உலகம் முழுக்கத் தெரியும், படம் எடுத்தால் அழகாக வரும், எல்லாம் சரி. ஆனால் 1969-இல் அந்தத் தடத்தை வகுத்தவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள். சுமார் 10 மைல் தூரம், கல்லாய் இறுகிப்போன பழைய மணல் மேடுகளின் மேல் வெள்ளை அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்க வேண்டும். ஸ்லிக்ராக் என்றால் வழுக்கும் பாறை. பெயர் அப்படி இருந்தாலும் ரப்பர் டயர் அதில் நன்றாகவே பிடிக்கும். வழுக்கியது லாடம் அடித்த குதிரைகளுக்கு. அந்தப் பிடிமானத்தை நம்பித்தான் செங்குத்தான சரிவுகளில் ஏறுகிறோம். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டிக் காலை ஊன்றினால், அங்கிருந்து மறுபடி சைக்கிளைக் கிளப்புவது அனுபவப்பட்டவர்களுக்கே சிரமம். விழுந்தால் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் தோல் போகும்.

"பயிற்சிச் சுற்றாவது போயிருக்கலாமே" என்று கேட்டவர்களுக்கும் சொல்கிறோம். ஸ்லிக்ராக்கிலேயே இருக்கும், இரண்டு மைலுக்குச் சற்று மேலான அந்தச் சுற்று நீளத்தில்தான் சிறியது. சரிவு பெரிய தடத்துக்குக் குறைந்ததில்லை. பயிற்சி என்ற சொல்லை நம்பிப் போய் நடுவழியில் சைக்கிளைத் தோளில் தூக்கி வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். எங்களை நம்பி வந்த ஒருவரை அந்த நிலையில் நிறுத்த மனம் வரவில்லை. அந்தச் செய்தியில் 'காசை மிச்சம் பிடிக்க எளிய பாதை' என்று எழுதியிருப்பதுதான் மிகவும் வலித்தது. எந்தப் பாதையில் போனாலும் எங்களுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

நாங்கள் எப்படிப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று முன்பே விளக்கியிருக்க வேண்டும். பாதையின் பலகையில் பச்சை வட்டம் என்றால் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் கடினம். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நிறம் பாதையின் கரடுமுரடைத்தான் சொல்லும். வெயிலையும் தண்ணீரையும் திரும்பும் வழியையும் சொல்லாது. நாங்கள் முதலில் பார்ப்பது திரும்பும் வழியைத்தான். போகும்போது இறக்கமாக இழுத்துக்கொண்டு போகும் பாதை, களைத்து, தண்ணீர் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஏற்றமாகக் காத்திருக்கும். அதனால் வண்டி நிறுத்தத்திலிருந்து கிளம்பி அங்கேயே வந்து சேரும் சிறு சுற்றுகளாகத் தேடுகிறோம். டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவின் இன்ட்ரெபிட் தடங்கள் அப்படிப்பட்டவை. ஏறத்தாழ 1 மைலிலிருந்து 9 மைல் வரை சிறிதும் பெரிதுமாகச் சுற்றுகள். முடிந்தவரை ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். 2,000 அடிக்குக் கீழே கொலராடோ ஆறு வளைந்து போவதைப் பார்த்து நீங்கள் வாயடைத்து நின்ற இடம் அதுதான். குழந்தைகளும் அங்கே ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. அது பாதையின் குறையா?

முதல் நாள் போன பிராண்ட் தடங்களையும் இப்படித்தான் தேர்ந்தோம். அங்கே பார் எம் சுற்று அகலமானது, சுமார் 8 மைல். பக்கத்திலேயே ரஸ்டி ஸ்பர் என்ற ஒன்றரை மைல் ஒற்றைத்தடம், அதாவது ஒரு சைக்கிள் மட்டும் போகும் ஒடுங்கிய பாதை. வழியில் ஆங்காங்கே வரும் சிறு பாறைத் திட்டுகளில், ஸ்லிக்ராக்கில் டயர் எப்படிப் பிடிக்கும் என்பதைப் பயமில்லாமல் பழகலாம்.

தவறு எங்கே நடந்தது என்றால், இரண்டாம் நாள் மாலை. வரைபடத்தில் சமமாகத் தெரிந்த ஒரு ஜீப் பாதையைத் தேர்ந்தோம். அகலமான பாதை எளிது என்று எல்லோரும் நினைப்பார்கள். பாலைவனத்தில் பெரும்பாலும் நேர்மாறு. வண்டிச் சக்கரம் அரைத்து அரைத்து மணல் சேர்ந்துவிடும், வறண்ட ஓடைகளைக் கடக்கும் இடத்தில் இன்னும் ஆழமாக இருக்கும். ஒரு மைலுக்கு மேல் உங்களில் நாலைந்து பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தீர்கள். தண்ணீரும் கணக்குக்கு மேல் செலவானது. அதற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறோம். அதற்கு முந்திய நாளே நாங்கள் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இனி எந்தப் பாதையானாலும் எங்களில் ஒருவர் முந்திய நாளே ஓட்டிப் பார்த்துவிடுவார்.

பாதையை விட்டு விலகாதீர்கள் என்று கடுமையாகச் சொன்னதையும் ஒருவர் குறை சொல்லியிருந்தார். பாதைக்கு வெளியே மணல்மேல் படிந்திருக்கும் அந்தக் கறுத்த மண் பொருக்கு உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரியும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. ஒருமுறை மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இதில் எங்கள் குரல் மாறாது. டயருக்கும் அதுவே நல்லது. பாதையோரத்து நெருஞ்சி, நம் ஊர் நெருஞ்சியேதான், டியூபை நிமிடத்தில் காலி செய்துவிடும். அதற்காகத்தான் வாடகைச் சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயர் போட்டோம்.

அக்டோபர் பயணம் உறுதி. விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் முடிக்கிறோம். மணிக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர், கூடவே உப்புச் சேர்ந்த ஏதாவது கொண்டு வாருங்கள். குழுவின் கடைசியில் ஓட்டிவந்த எங்கள் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால் ஒரு குழுவுக்கு ஆறு பேர்தான், பயணமும் மூன்று நாளுக்குப் பதில் இரண்டு நாள், கட்டணத்தில் மாற்றமில்லை.

அந்தச் செய்தி பரவியபோது எங்களுக்காகக் குழுக்களில் பொறுமையாகப் பதில் எழுதியவர்களை மறக்க மாட்டோம். மணலில் தள்ளி நடந்த அன்று இரவே அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்த அக்காவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஸ்லிக்ராக்தான் வேண்டும் என்பவர்கள், பிராண்ட் தடங்களில் நீலச் சதுரப் பாதை ஒன்றைக் கால் ஊன்றாமல் முடித்துக் காட்டுங்கள். அடுத்த நாள் காலை நாங்களே கூட வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் பயணக் குழுவினர்