கொடைக்கு மைக் செட் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். அங்கே அம்மா, ஆச்சி, உன் மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வேலை என்று சாக்குச் சொல்லலாம், நீ நம்பமாட்டாய். இங்கே இங்கிலாந்தில் குளிர் போய்விட்டது என்கிறார்கள். நான் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை என்று அம்மாவிடம் சொல். ரொட்டியும் டப்பா பீன்ஸும் நாக்குக்குப் பழகிவிட்டன.

கோயில் கொடைத் திருவிழாவன்று எதிர்வீட்டு டீச்சர் சத்தம் என்று புகார் கொடுத்து, ஸ்டேஷனிலிருந்து வந்து ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிப்போனதை எழுதியிருந்தாய். வாட்ஸைப் பாதியாக்கியும் அந்தம்மா அடங்கவில்லை என்று உனக்குக் கோபம். பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும் தம்பி. காதுக்கு அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். பாதிச் சத்தமாகக் கேட்கவேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது 1000 வாட்ஸ் 100 வாட்ஸாக வேண்டும். அப்படிச் செய்தால் கொடைக்கு வந்தவன் உன்னைச் சும்மா விடமாட்டான். முன்னால் நிற்கிறவனுக்குக் குறையாமல் டீச்சர் ஜன்னலுக்கு மட்டும் குறைப்பதுதான் வித்தை. இங்கே பார்க்கில் கச்சேரி வைப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

முதலில் ஸ்பீக்கர் பாக்ஸ் வைக்கும் இடம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நீ மேடையின் இரண்டு பக்கமும் மலைபோல் அடுக்குகிறாய். 40 மீட்டரில் கடைசியாக உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு 85 டெசிபல் வேண்டுமென்றால், மேடையிலிருந்து 80 மீட்டரில் உள்ள வீட்டுக்கு 79 போய்ச்சேரும். அதையே சின்னச் சின்ன பாக்ஸாகக் கூட்டத்துக்குள் பிரித்துவைத்து, 5 மீட்டரில் 85 கிடைக்கும்படி செய். கடைசி பாக்ஸுக்கு அப்பால் 40 மீட்டரில் உள்ள அதே வீட்டுக்கு 67 தான் போகும். பக்கத்து பாக்ஸ்களும் சேர்வதால் கொஞ்சம் கூடலாம். வாடகைக்கு எடுக்கும் பாக்ஸும் கேபிளும் கூடும் என்பது உண்மை. ஸ்டேஷனுக்கு அலைகிற செலவோடு வைத்துப் பார்.

பிரித்துவைத்தால் டிலே, அதாவது அந்த பாக்ஸின் ஒலியைக் கொஞ்சம் தாமதித்து விடுவது, அதைப் போடாமல் விடாதே. ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். மேடையிலிருந்து 15 மீட்டரில் உள்ள பாக்ஸுக்கு 44 மில்லிசெகண்ட், அதற்குமேல் ஒரு 10 சேர்த்துக்கொள். அப்போதுதான் பாட்டு மேடையிலிருந்து வருவதாகக் காது நம்பும். டிலே இல்லையென்றால் வில்லுப்பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. புரியவில்லை என்று யாராவது கத்துவான், நீ வால்யூமை ஏற்றுவாய், டீச்சர் போனை எடுப்பார். பாக்ஸை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, மூக்கைக் கீழே சாய்த்து வை. கூட்டத்தின் உடம்பே கொஞ்சம் சத்தத்தைக் குடித்துவிடும். நேராக நோக்கி வைத்தால் தலைக்கு மேலே பறந்து எதிர்த்தெரு மாடியில் போய் இறங்கும்.

ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அது பேஸ், தாழ்ந்த அதிர்வொலி. சுவரும் கதவும் மேல்ஸ்வரத்தைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. சத்தம் அளக்க உன்னிடம் உள்ள மீட்டர் "ஏ" அளவில் நிற்கும். 63 ஹெர்ட்ஸ் பேஸில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். அதனால்தான் மீட்டரில் சரியாக இருந்தும் வீட்டுக்குள் இருப்பவருக்கு நெஞ்சு அதிர்கிறது. பேஸை அப்படிக் கழிக்காத "சி" அளவுக்கு மாற்றியும் ஒருமுறை பார். இரண்டுக்கும் இடையே 15, 20 என்று வித்தியாசம் காட்டினால் பேஸ் மிதமிஞ்சிப் போகிறது.

பேஸ் பாக்ஸ் எல்லாத் திசையிலும் கொட்டும். முன்னுக்கு மட்டும் அனுப்ப ஒரு வழி இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு பாக்ஸை எடு. ஒன்றை முன்னாலும் மற்றொன்றை 1.4 மீட்டர் பின்னாலும், இரண்டும் கூட்டத்தைப் பார்க்க வை. பின்னால் உள்ளதற்குப் போலாரிட்டியை, அதாவது பிளஸ் மைனஸைத் திருப்பி, 4.1 மில்லிசெகண்ட் டிலே கொடு. 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முன்னால் இரண்டும் சேரும், பின்னால் ஒன்றையொன்று அழிக்கும். பின்பக்கம் 10 டெசிபலுக்கு மேலேகூட விழும். மேடைக்குப் பின்னால்தானே டீச்சர் வீடு! சோதிக்க, பின்னால் போய் நின்று பின் பாக்ஸை ம்யூட் செய்து திற. திறந்ததும் சத்தம் குறைய வேண்டும். கூடினால் போலாரிட்டி மாறவில்லை. கோயில் மதிலை ஒட்டி வைத்தால் மதில் எதிரொலித்து எல்லாம் வீண். ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி வை. இரண்டுக்கும் ஆம்ப் கெயின் ஒன்றாக இருக்கட்டும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, அதைக் கேட்டு யாரும் ஆடப்போவதில்லை.

அப்பா காலத்துக் குழாய் ஸ்பீக்கர்களை இனி வெளியே எடுக்காதே. நம் மாநிலத்தில் கூம்புக் குழாய்க்குத் தடை இருப்பது உனக்கே தெரியும். காதுக்கு எந்த அலைவரிசை கூர்மையாகப் படுமோ அதைத்தான் அது கக்கும், அதுவும் ஒரே கற்றையாக.

கச்சேரிக்கு முன்னால் இங்கே ஒரு சோதனை செய்வார்கள். ஒரு ஆள் மிக்சர் பக்கத்தில் மீட்டரோடு, இன்னொரு ஆள் கிட்டத்து வீட்டு வாசலில் மீட்டரோடு. ஒரே பாட்டை ஓடவிட்டு இரண்டு எண்ணையும் கழிப்பார்கள். மிக்சரில் 95, வாசலில் 65 என்றால் இழப்பு 30. வாசலில் எவ்வளவு ஆகலாம் என்று முடிவு செய்துவிட்டால், மிக்சரில் எங்கே நிறுத்துவது என்பது கணக்கு. அந்த எண்ணுக்கு மேல் சத்தத்தை ஏறவிடாத லிமிட்டரைப் பூட்டிவிடு, பாடகர் கெஞ்சினாலும் திறக்காதே.

வாசலில் எவ்வளவு என்பதற்கு இங்கே 1995-ல் வந்த ஒரு நடைமுறைக் குறிப்பைப் பலரும் சொல்வார்கள். வருஷத்தில் 3 நாள் வரை கச்சேரி நடக்கும் பார்க், திடல் என்றால் வீட்டு முகப்பிலிருந்து ஒரு மீட்டரில் 15 நிமிடச் சராசரி 65 டெசிபல். நாலு நாள் முதல் 12 நாள் வரை என்றால், அந்த இடத்தின் வழக்கமான சத்தத்துக்கு மேல் 15 தான். நாள் கூடக்கூடப் பொறுமை குறையும் என்பதை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் கொடையை டீச்சர் பொறுப்பார் என்றே எனக்குப் படுகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் கோயில் கமிட்டிக்காரர் போடுகிற பாட்டுதான் அவர் பொறுமையைத் தின்றிருக்கும். அதைப் போய்ப் பேசு.

நம் நாட்டுச் சட்டம், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, இதைவிடத் தளர்ந்ததில்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. பொது இடத்தின் எல்லையில் அதற்குமேல் 10 அல்லது 75, எது குறைவோ அது. ஆக நம் தெருவுக்குப் பகலில் 65. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிக்கு நீட்டலாம், அந்த நாளில் நம் கொடை வருகிறதா என்று கேட்டுத்தான் தெரிய வேண்டும். எழுத்தில் அனுமதி வாங்காமல் கட்டாதே. கமிட்டி வாங்கிவிட்டது என்று வாய்ச்சொல்லை நம்பாதே, நகலைக் கையில் வை. இங்கே 499 பேர் வரை கூடும் சின்ன விழாவுக்கே 21 பவுண்டு கட்டி, 10 வேலைநாள் முன்னதாக நகராட்சிக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

ராத்திரி ஒரு சூழ்ச்சி உண்டு. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று நிற்கும். மேலே போகிற ஒலி வளைந்து கீழே இறங்கும். நீ எதையும் தொடாமலே ஒரு மைல் தள்ளி இருப்பவருக்குக் கூடுதலாகக் கேட்கும். மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் பாட்டு நம் வாசலில் கேட்குமே, அதேதான். ஆகவே நையாண்டி மேளத்தையும் பேஸ் அதிகமுள்ள பாட்டையும் முன்சாயங்காலத்துக்குத் தள்ளு. கடைசி ஒரு மணிநேரம் 3 டெசிபல் இறக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகளை ஒரு சுற்று நடந்து பார்.

எந்த மீட்டரும் பிடிக்காத ஒன்று இருக்கிறது. எனக்குக் கீழ்வீட்டில் ஒரு கிழவர். குக்கர் விசில் அடித்தால் கம்பால் கூரையை இடிப்பார். "ஏழு மணிக்கு மூன்று விசில்" என்று சொல்லிவைத்த பிறகு இடிப்பதில்லை. அதே மனுஷர் ஞாயிற்றுக்கிழமை மழையில் குடைபிடித்து நின்று பேண்டு வாத்தியம் கேட்கிறார். ஆகவே கொடைக்கு இரண்டு வாரம் முன்னால் வீடுவீடாக ஒரு துண்டுச் சீட்டு கொடு. எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு நிறுத்தம், சவுண்ட் செக் எப்போது, கூப்பிட வேண்டிய போன் நம்பர். போன் மிக்சர் பக்கத்தில் நிற்கிறவன் கையில் இருக்க வேண்டும், மேளச் சத்தத்தில் மணி கேட்காது, அதிர்வில் வைத்துச் சட்டைப்பையில் போடச் சொல். யார், எந்த வீடு, எத்தனை மணி, என்ன செய்தாய் என்று நோட்டில் எழுது. சவுண்ட் செக் பகல் பதினொன்றுக்கு மேல், அரைமணிக்குள். ஒரே டிரம்மை மறுபடி மறுபடி அடிப்பதுதான் கச்சேரியைவிட எரிச்சல். சொன்ன நேரத்துக்கு நிறுத்து. ஒரே ஒரு பாட்டு என்று கேட்பவன் அடுத்த வருஷம் உனக்காக ஸ்டேஷனுக்கு வரமாட்டான். ஜெனரேட்டரையும் மறக்காதே, புகைக்குழாய் வீடுகளைப் பார்க்கக் கூடாது.

இங்கே பதினொன்றுக்குப் பாட்டு நின்றதும் ஊரே அடைத்துவிடும். கேபிள் சுற்றும்போது, நம் தெருவில் யாராவது "ஹலோ மைக் டெஸ்டிங்" என்று சொல்லக் கேட்டால் தேவலை போலிருக்கும். இதை உன் மதினிக்குப் படித்துக் காட்டாதே.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் சொல்கிறாரென்று தோட்டத்தை அடகுவைத்து லைன் அரே, அந்த ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர் வரிசை, வாங்கப் போகாதே. உனக்கு இப்போது வேண்டியது டிலேயும் லிமிட்டரும் உள்ள ஒரு ப்ராசஸர், அதுவும் பழையதே போதும். இந்த மாதம் பணம் வரக் கொஞ்சம் தள்ளிப்போகும். பேங்கில் ஏதோ பார்க்கிறார்கள், அம்மாவிடம் பெரிதாகச் சொல்லாதே. சித்தப்பாவோடு பாகப்பிரிவினைக்கு என் கையெழுத்து வேண்டுமென்றால் பவர் பத்திரத்தின் நகலை அனுப்பு, இந்திய ஹை கமிஷனில் சான்று வாங்கி அனுப்புகிறேன். சாமான் வைக்கும் கொட்டகை நம் பாகத்தில் வர வேண்டும், பாக்ஸை மழையில் வைக்க முடியாது. ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுது. ஆம்ப்ளிஃபையர் ஸ்டேஷனிலிருந்து வந்ததா இல்லையா, அதையும்.

அன்புடன்,
அண்ணன்