ஆலிவ் பாட்டில் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சமையல் பக்கத்தில் பாஸ்தா, பீட்சா எல்லாம் இப்போது அடிக்கடி வருகின்றன. நல்லதுதான், பிள்ளைகள் கேட்கிறார்கள். கோபியிலேயே ஊறுகாய் அடுக்குக்குப் பக்கத்தில் ஆலிவ் பாட்டில் வந்துவிட்டது. ஆனால் "ஆலிவ் – பத்து" என்று எழுதுகிறவர்கள் மீதிப் பாட்டிலை என்ன செய்வது என்று சொல்வதே இல்லை. விலையோ கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சிலர் தண்ணீரை வடித்துவிட்டுக் காயை மட்டும் சில்வர் போசியில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் தள்ளுகிறார்கள். சிலர், உப்பில் ஊறியதுதானே என்று மாவடு ஜாடியோடு சேர்த்து வெளியிலேயே வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரிப்படாது.

மாவடுவுக்கு நாம் போடுகிற உப்பு வேறு. கடை ஆலிவில் உப்பு அவ்வளவு இருக்காது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளிப்பு, சூடாக்கி இறுக்கி மூடியது, இவை மூன்றும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகின்றன. மூடியைத் திறந்ததும் மூன்றாவது போய்விடுகிறது. அதனால் அந்தத் தண்ணீரிலேயே காய் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், ஃபிரிட்ஜிலும் இருக்க வேண்டும். மேலே தலை நீட்டுகிற காயில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். எடுக்கும்போது ஈரமில்லாத ஸ்பூன். கையை விடக் கூடாது. தண்ணீரை ஏற்கெனவே கொட்டியாகிவிட்டதா? ஒரு டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து ஊற்றி, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பழைய தண்ணீரோடு இருந்தால் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

டின்னில் வரும் கறுப்பு ஆலிவ் தனி ரகம். பெரும்பாலும் அது பச்சைக் காயாகப் பறித்து, காரத்திலும் (மிளகாய்க் காரமல்ல, சோடா மாதிரியான காரம்) காற்றிலும் கறுக்க வைத்தது. நிறம் நிற்க ஃபெரஸ் குளூக்கோனேட் என்ற இரும்புச் சத்து சேர்க்கிறார்கள். பொடி எழுத்தைப் படித்தால் தெரியும். அதில் புளிப்பு மிகக் குறைவு, ஆகவே சீக்கிரம் கெடும். திறந்த டின்னிலேயே விடாமல் தண்ணீரோடு கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுவது நல்லது.

கெட்டதா இல்லையா என்று பார்ப்பதிலும் குழப்பம் இருக்கிறது. பச்சைக் காயின் தோலில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், புளிக்க வைத்த காயில் அது வரும். எண்ணெயில் போட்ட ஆலிவ் ஃபிரிட்ஜில் வெள்ளையாக உறைந்திருந்தால் அது எண்ணெய். வெளியே வைத்தால் உருகிவிடும். ஆனால் பஞ்சு மாதிரிப் பூசணம், காறல் வாடை, தொட்டால் வழவழப்பு, அழுத்தினால் கூழாவது, இதில் எது இருந்தாலும் குப்பைக்குத்தான். மேலே இருப்பதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற சிக்கனம் இங்கே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உப்பிய டின், மேலே புடைத்த மூடி, திறந்ததும் பீய்ச்சியடிக்கிற தண்ணீர். "கெட்டிருக்கா பாரு" என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. இதில் அது ஆகவே ஆகாது. பாட்டுலிசம் என்ற நோயைத் தருகிற நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. 1919இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில், விருந்தில் பரிமாறிய கறுப்பு ஆலிவால் உயிர்களே போயின. சரியாகச் சூடாக்காமல் அடைத்ததுதான் காரணம். அதற்கப்புறம்தான் அங்கே அடைக்கும் முறையைக் கடுமையாக்கினார்கள். இன்று அபூர்வம்தான், இருந்தாலும் உப்பிய டின்னைத் திறக்காமலே போட்டுவிடுவது மேல்.

இதெல்லாம் பாட்டிலிலேயே இருக்கக் கூடாதா என்றால், இருக்கிறது, எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில். லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் சட்டத்துக்குப் போதும்; தமிழ் அவர்கள் இஷ்டம். இறக்குமதி செய்கிறவர்கள் எப்படியும் தனி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதில் "திறந்த பின் ஃபிரிட்ஜில் வைக்கவும்" என்று தமிழில் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். அதுவரை உங்கள் சமையல் குறிப்பின் அடியிலாவது அந்த வரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்