அறுபது நாளுக்குள் வங்கி நோட்டீஸைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு,
உயர் நீதிமன்ற வளாகம், சென்னை.

வணக்கம்.

போன தை மாதம் ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நகைக்கடைப் பை. உள்ளே கரண்ட் பில் அட்டை, அடகு ரசீதுகள், நடுவே பிரிக்காத ஒரு பதிவுத் தபால். "பேங்க்ல இருந்து வந்துச்சு சார். பிரிக்கவே பயமா இருந்துச்சு, சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுட்டேன்" என்றார். நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரம்பூரில் எங்கள் தெருவில் கடன் காகிதம் எது வந்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும்.

பிரித்தேன். ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். தேதியைப் பார்த்துக் காலண்டரில் எண்ணினேன். அன்று 47-ஆவது நாள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக் கடன் 90 நாள் நிலுவையில் நின்றால் வாராக் கடன். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி தரும் 2002-இன் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி நோட்டீஸ் அனுப்பி 60 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கடன் வாங்கியவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், வங்கி அதை ஏற்காவிட்டாலும் 15 நாளுக்குள் காரணம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இத்தனை வாசல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர், சுவரில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் வருகிறார்கள். சிலர் பேப்பரில் ஏல விளம்பரம் வந்த பிறகு.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். ஊதாரி இல்லை. 2021-இல் வாங்கிய கடன், இருபது லட்சம், இருபது வருடம், 7 சதவீத வட்டி. தவணை சுமார் 15,500. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4-இலிருந்து 6.5 ஆனது. ரெப்போவோடு கட்டிய கடன் என்பதால் இவர்கள் வட்டியும் 9.5-ஐத் தொட்டது. தவணை ஏறவில்லை, வருடங்கள்தான் நீண்டன. கட்டிய 15,500-இல் பதினைந்தாயிரத்துக்கு மேல் வட்டிக்கே போயிற்று. "மாசாமாசம் கட்டுறோம், கடன் அப்படியே நிக்குது" என்று அந்த அம்மா சொன்னது கணக்குப்படி ஏறக்குறைய உண்மை. அப்புறம் ஒரு விபத்து, மூன்று மாதம் வண்டி ஓடவில்லை. டியூ கட்ட நகை அடகுக்குப் போனது, நகையை மீட்கத் தண்டல் (தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன்) வாங்கினார்கள். வீட்டுக் கடனைவிட அந்தத் தண்டல்தான் இவர்களைச் சாய்த்தது. ஆனால் வங்கி நோட்டீஸில் தண்டலுக்கு ஏது இடம்?

இதைச் சரி செய்ய வழக்கறிஞர் மட்டும் போதாது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி தருகிறீர்கள், 15100-க்குக் கூப்பிடலாம், எல்லாம் நல்லதுதான். ஆனால் இங்கே முதலில் வேண்டியது, பையில் உள்ள காகிதத்தையெல்லாம் மேஜையில் கொட்டி, எந்தக் கடனை முதலில் அடைக்கலாம், எதற்குத் தவணை கேட்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆள். அயர்லாந்தில் 1992-இலிருந்து அரசுப் பணத்தில் இப்படியொரு கடன் ஆலோசனைச் சேவை நடக்கிறது. வீட்டுக் கடன் தவறியவர்களுக்கென்றே 2016-இல் இலவச நிதி, சட்ட ஆலோசனைத் திட்டமும் வந்தது. இங்கே வங்கிகள் நடத்தும் நிதிக் கல்வி மையங்கள் உண்டு. சேமிப்பைப் பற்றி நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். முழுகிக்கொண்டிருப்பவனுக்கு நீச்சல் வகுப்பு!

லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே போடும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. வட்டி தள்ளுபடி என்ற சந்தோஷத்தில், மூன்று மாதத்தில் எட்டு லட்சம் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டவரை எனக்குத் தெரியும். மாதம் எட்டாயிரம் மிச்சம் பிடிக்க முடியாத குடும்பம். கையெழுத்துக்கு முன்னால் பத்து நிமிடம் யாராவது அவரோடு உட்கார்ந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் வாரம் ஒரு நாள், ஒரு மேஜை. உங்கள் குழு வழக்கறிஞர் ஒருவர், பக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர். வங்கிகளிடம் நோட்டீஸோடு தமிழில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் கடைசி நாள் எது, இலவச உதவி எங்கே என்று இரண்டே வரி இருந்தால் போதும்.

அந்த அம்மாவுக்கு 52-ஆவது நாள் ஆட்சேபக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். வங்கியும் பேச வந்தது. தவணையை மாற்றியமைக்கும் பேச்சு இன்னும் ஓடுகிறது, தண்டல் அப்படியே நிற்கிறது.

எங்கள் மண்டலத்தில் மேஜை போட்டால் செவ்வாய்க்கிழமைகளில் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர்,
பெரம்பூர்.